ஒன்பதாம் நிரையில் ஒரு கங்காணி

1916ஆம் ஆண்டு வைகாசி மாதம், செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கங்காணி வீரமுத்து ரப்பர் மரமாக மாற்றப்பட்டார். ஒன்பதாம் நிரையில், பன்னிரண்டாவது மரத்துக்கும் பதின்மூன்றாவது மரத்துக்கும் நடுவே நின்றார். மாற்றியவர்கள் மூன்று பெண்கள்: சூசையம்மாள், வெள்ளையம்மா, புஷ்பவள்ளி. மூவருக்கும் பால் வெட்டுதான் தொழில். சூனியம் ஓய்வு நேரத்தில். காரணம் தோட்டம் முழுக்கத் தெரிந்ததுதான். விடியற்காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்குப் பிந்தி வந்தவர்களின் முதுகில் பிரம்பு முறித்த கங்காணி, புருஷனைக் காய்ச்சலில் இழந்த கத்தரினின் கதவை மூன்று நாள் தட்டினார். நாளைக்கு உடைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தரின் சூசையம்மாளின் தங்கை. மறுநாள் அவர் தட்ட வரவில்லை, இலை விட்டிருந்தார்.

காட்டு மரமாக ஆக்கியிருக்கலாம் என்று மூவருக்கும் பிறகுதான் தோன்றியது. ஆனால் பால் வெட்டுகிறவர்களிடம் மரம் என்றால் ரப்பர் மரம்தான் மனதில் எழும், மந்திரம் மனதில் எழுந்ததைத்தான் செய்யும். ரப்பர் மரத்தை வெட்டாமல் விட முடியாது. கணக்கு எழுதும் கிராணி அமலநாதன், பால் பிடிக்கும் கிண்ணமான மங்கு காய்ந்திருந்தால் கேள்வி கேட்பார். ஆகவே சூசையம்மாள் தன் நிரையின் மற்ற மரங்களோடு அவரையும் தினமும் வெட்டினாள். முந்தின நாள் வெட்டில் காய்ந்திருந்த கோட்டுப்பாலை உரித்து, பட்டையில் இடமிருந்து வலமாகச் சரிவாகக் கத்தியை இழுத்து, மங்கை நிமிர்த்தி வைத்தாள். முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினாள். மூன்றாம் மாதம் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டினாள். பால் கெட்டியாக, நிறைய வந்தது. மனிதராக இருந்தபோது அவரால் தோட்டத்துக்கு இவ்வளவு பிரயோஜனம் இருந்ததில்லை.

பாஸ்கா காலத்தில் வந்த பாதிரியாரிடம் அவள் பாவசங்கீர்த்தனம் செய்தாள். மரம் யாருடையது என்று அவர் கேட்டார். தோட்டத்தினுடையது என்றாள். அப்படியானால் துரையின் பொறுப்பு என்று சொல்லி, பத்து 'அருள் நிறைந்த' மந்திரம் ஜெபிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மந்திரம் தேயத் தொடங்கியது 1924 வாக்கில். வெள்ளையம்மா விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டால் முன்பெல்லாம் தோட்டம் முழுவதும் மழை நிற்கும். பிறகு அவர்கள் குடியிருந்த லயத்துக்கு மட்டும் நின்றது. 1928இல் அவள் சோற்றுப் பானைக்கு மேல் மட்டும் நின்றது. பானை காய்ந்திருக்க, அவள் நனைந்தபடி சமைத்தாள். காய்ச்சலுக்குத் தரும் கொய்னா மாத்திரையைத் தினமும் விழுங்குவதால்தான் இப்படி என்றாள் புஷ்பவள்ளி. சூசையம்மாளின் ஞானஸ்நானம் மற்ற இருவருக்கும் ஒட்டிக்கொண்டது என்றாள் வெள்ளையம்மா. இதன் பேரில் இருவரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

1930இல் மங்கில் பால் வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த தை மாதம் வேரில் பத்து நகங்கள் தெரிந்தன. சித்திரையில் வெட்டுக்கு மேலே மீசை முளைத்தது. சூசையம்மாள் அதையும் கோட்டுப்பாலோடு சேர்த்துப் பிய்த்தாள். மரம் இருமியது. அன்று மூவரும் குழாயடியில் கூடினார்கள்.

"மந்திரம் மிச்சம் எவ்வளவு இருக்கு, சொல்லுங்க. மூணு பேருதையும் சேத்தா அந்தாளக் கொஞ்ச வருசம் நிப்பாட்டலாம்" என்றாள் சூசையம்மாள்.

புஷ்பவள்ளி தரையைப் பார்த்தாள். "எனக்கு இல்லக்கா. போன வாரம் கடவாப்பல்லு வலி உயிர் போச்சு."

"பல்லுக்காடி அதப் போட்ட?"

"வலிச்சது எனக்குத்தான, ஒனக்கா?"

வெள்ளையம்மா சுருக்கமாக முடித்தாள். "கோடாலி எடு."

"மரமா இருக்கையில வெட்டுனா கிராணி கேப்பாரு. மனுசனானப்புறம் வெட்டுனா சாமி கேப்பாரு."

"ரெண்டுக்கும் நடுவுல வெட்டேன்."

அந்த நடு எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. சூசையம்மாள் தங்கையிடம் போய், ஆயர் ஈத்தாம் ஊருக்குப் புறப்படு, அங்கே பானைச் சூளையில் வேலை இருக்கிறதாம் என்றாள். கத்தரின் அரிசி களைவதை நிறுத்தவில்லை. "பதினஞ்சு வருசமா நான் கதவத் தெறந்து வச்சுத் தூங்குறேன். இனிமே தாழ்ப்பாளெல்லாம் என்னால முடியாது, போக்கா."

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை விடிந்தபோது நிரையில் மரம் இல்லை. கங்காணி நின்றார். உடம்பைச் சுற்றி நெஞ்சிலிருந்து முழங்கால் வரை சரிவுச் சரிவாகத் தழும்புகள். இடுப்பில் மட்டும் பட்டை மிச்சமிருந்தது; போகிற மந்திரம் அந்த அளவுக்கு மரியாதை தெரிந்ததாக இருந்தது.

"யாருடி அது, சூசையா? என் பெரம்பு எங்க?"

"கறையான் தின்னுருச்சு."

"ஒன் தங்கச்சி இருக்காளா?"

அவள் மந்திரத்தைச் சொன்னாள். விக்கல்தான் வந்தது. இரண்டாம் முறையும் விக்கல். கங்காணி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவள் கத்தியை எடுத்தாள். குத்துவதற்கு எடுத்தாளா, அந்த நேரத்தில் தினமும் எடுப்பதால் எடுத்தாளா என்பதை அவளாலேயே பிறகு சொல்ல முடியவில்லை. கத்தி கண்ணில் பட்டதும் கங்காணி நின்றார். கை தானாக இறங்கியது. இடது பக்கத்தை அவளுக்குத் திருப்பி, தாடையைத் தூக்கி, மூச்சை அடக்கி, ஆடாமல் நின்றார். அவர் முகம் ஒத்துழைக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. உடம்பு மட்டும் காத்திருந்தது.

சூசையம்மாள் கத்தியை இறக்காமல் பார்த்தாள். விக்கல் நின்றிருந்தது.

"தள்ளி நில்லுங்க கங்காணி. மங்க மிதிக்காதீங்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார்.

அன்று மாலை அவள் தன் பழைய கத்தி ஒன்றைத் தீட்டிக் கத்தரினிடம் கொடுத்தாள். கத்தரின் அதில் பூசணிக்காய் நறுக்கினாள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. வழியில் போன வீரமுத்து இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிட்டார். காய் நறுக்கி முடியும்வரை அவரால் போக முடியவில்லை. மறுநாள் பிரட்டில் வரிசையின் கடைசியில் நின்றார். ஒரு மரம் குறைகிறது, ஓர் ஆள் கூடுகிறது, சரியாகத்தான் இருக்கிறது என்று துரை கையெழுத்துப் போட்டார். புல்வெட்டு வேலை கொடுத்தார்கள்.

மாசி மாதம், மரங்கள் இலை உதிர்த்தபோது, வீரமுத்துவின் தலைமுடி ஒன்றுவிடாமல் கொட்டியது. இருபது நாளில் செம்பு நிறத்தில் துளிர்த்து, பிறகு பச்சையாகி, பங்குனிக் கடைசியில் கறுத்தது. ஆண்டுதோறும் அப்படியே நடந்தது. தோட்டத்து நாவிதர் அர்ச்சுனன் அந்த இரண்டு மாதங்களும் அவர் வீட்டுப் பக்கம் போவதில்லை.