சமையல் மேடைக்கு வெளிச்சம்

டப்போ ஊரில் பாதி வீடுகளுக்கு மின்கம்பி இழுத்தவர் நெவில். அவருடைய சொந்தச் சமையலறையில் மட்டும் கூரை நடுவே ஒரே ஒரு டியூப்லைட், முப்பத்தோரு வருஷமாக. மேடைப் பக்கம் திரும்பி நின்றால் வெளிச்சம் முதுகில் விழும், நிழல் காய்கறிமேல் விழும். அவர் மனைவி கிளெனிஸ் அந்த நிழலுக்குள் நின்றுதான் மூன்று பிள்ளைகளுக்கும் ஆக்கிப் போட்டாள்.

"ஊருக்கெல்லாம் லைட் போடுற மகராசா, உன் பொண்டாட்டிக்கு எப்ப?" என்பாள்.

"அடுத்த வாரம், கிளென்."

அந்த வாரம் வரவே இல்லை. ஊரில் யாராவது கூப்பிட்டால் மட்டும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். இப்படிப்பட்ட மனுஷனை என்ன செய்வது?

கிளெனிஸுக்கு முட்டி வலி வந்து படியேற முடியாமல் போனது. வீட்டை விற்றுவிட்டு, படியே இல்லாத சின்ன வீடாகப் பார்த்துப் போவதென்று முடிவானது. விற்றுக் கொடுக்க வந்த டாம்சின் என்ற பெண் சமையலறையைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"ரொம்ப இருட்டா இருக்குங்க. லைட்டை மாத்துங்க, வாங்க வர்றவங்களுக்குப் பிடிக்கணும்ல?"

நெவில் இரண்டே நாளில் மாற்றிவிட்டார். மேல் அலமாரிகளுக்கு அடியில் வரிசையாகப் பட்டை விளக்குகள். கிளெனிஸ் சுவிட்சைப் போட்டு, வெட்டும் பலகைமேல் கையை வைத்துப் பார்த்தாள். கைரேகைகூடத் தெரிந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில் அல்ல.

"ரெண்டு நாள் வேலைதானா இது?"

"ஒன்றரை நாள்தான். மிச்ச நேரம் டீ குடிச்சேன்" என்றார் நெவில், பெருமையாக.

சனிக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் வெளியே போய்விடுவதுதான் வழக்கம். கிளெனிஸ் நகரவில்லை. மேடையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலருகே நெவில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இவ்வளவு அழகான கிச்சனை விக்க எப்படிங்க மனசு வந்துச்சு?" என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

"விக்கிறோம்னு ஆனப்புறம்தாம்மா எங்க வீட்டுக்காரர் லைட்டே போட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நெவில் சிரிக்கவில்லை. காது சிவக்கக் கொல்லைப்புறம் போனவர், கடைசி ஆள் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை. கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு இருந்தது. ஆனால் சொன்னதில் பொய்யில்லை.

வீடு விற்றுப்போனது. புது வீட்டு வாசலில் லாரி வந்து நின்ற காலையில் நெவிலைக் காணோம். கிளெனிஸ் தேடிக்கொண்டு உள்ளே போனாள். காலிச் சமையலறையில், அளவு நாடாவும் பென்சிலுமாக நின்றிருந்தார்.

"சோபாவை எங்க வைக்கிறதுன்னு கேக்குறாங்க, நெவில்."

"எங்கயாவது வைக்கட்டும். நீ வந்து மேடைகிட்ட நில்லு, வழக்கமா நிக்கிற மாதிரி."

"எதுக்கு?"

"உன் நிழல் எங்க விழுதுன்னு பாக்கணும். அதுக்கப்புறம்தான் லைட் போடுவேன்." பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முப்பத்தோரு வருஷமா அதை நான் பாக்கவே இல்ல, கிளென்."

கிளெனிஸ் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றாள்.