பத்துக்குக் குறைந்தவர்கள்

அந்த வருடத்துத் தேர்ச்சி அறிக்கை வெளியான காலையில் மாற்றுப் பள்ளியின் ஆறு பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். பள்ளிக்கு வராமல் போனார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வந்திருந்தார்கள். முதல் மணி அடித்ததும் வழக்கம்போலக் கடைசி பெஞ்சு கிரீச்சிட்டது, ஜன்னலோரம் யாரோ கொட்டாவி விட்டார்கள், பெயர் கூப்பிட்டபோது ஆளில்லாத இடங்களிலிருந்து "உள்ளேன் டீச்சர்" என்று ஆறு குரல்கள் வந்தன. அதில் ஒன்று வேண்டுமென்றே கீச்சுக்குரல். உடுத்தியிருந்த சட்டையும் தோளில் மாட்டிய பையும் அவர்களோடு சேர்ந்து மறைந்திருந்தன. கணக்கு வாத்தியார் முதலில் கொஞ்சம் ஆடிப்போனார். இரண்டாம் பாடவேளைக்குள் தெளிந்துவிட்டார். பேசுகிறவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் சாக்பீஸை எறிய முடியவில்லை என்பது மட்டும் கடைசிவரை அவருக்குக் குறையாக இருந்தது.

மற்ற பள்ளிகள் தண்ணி தெளித்து விட்ட பிள்ளைகள் வந்து சேரும் அரசுப் பள்ளி அது. வாத்தியாரை எதிர்த்துப் பேசியவர்கள், பாதி வருடம் வராமலே இருந்தவர்கள், கையில் குழந்தையோடு வருகிறவள், படிப்பு ஏறவில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள். பழுதான சாமானைக் கடையில் திருப்பிக் கொடுப்பதுபோல என்று ஊர்க்காரர்கள் அதற்கு ரிட்டர்ன் பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டிடம் முன்பு தபால் கிடங்காக இருந்தது. வகுப்பறைகளில் இன்னும் கவுண்டர் கம்பிகள் இருந்தன. பிள்ளைகள் அதில் நனைந்த சாக்ஸ் காயப்போடுவார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் படிப்பவர்கள் யார் யார், எப்படி வாழ்கிறவர்கள், அதில் எத்தனை பேர் தேறினார்கள் என்று பிரிவு பிரிவாகக் கல்வித் துறை ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடும். ஒரு பிரிவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் அங்கே எண் போடமாட்டார்கள், நட்சத்திரக் குறி போடுவார்கள். சின்னக் கூட்டத்தில் இன்னார் வீட்டுப் பிள்ளைதான் தோற்றது என்று அக்கம்பக்கம் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த வருடம் அம்மாவும் இல்லாமல் அப்பாவும் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்கிறவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். நட்சத்திரம் விழுந்தது. அதன் பிறகு அவர்களை யாராலும் அடையாளம் காண முடியவில்லை. மாமாக்களும் அத்தைகளும் திரண்டு வந்து சத்தம் போட்டார்கள். துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஆறு பேரிடமும் தடவித் தடவிக் கை குலுக்கிவிட்டு, "அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான் விதி. தெரியலை. இதுல குறை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல பள்ளியில் நல்ல பதவியில் இருந்தவர், மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்தார். சண்டை போட்டு உதடு கிழிந்து வந்த பிள்ளைக்குத் தன் முந்தானையால் ரத்தம் துடைத்தவர். ஆனால் அவர் வந்த மறு வருடமே புது உத்தரவு ஒன்று வந்தது: அறிக்கையில் எண் வெளியாகும் எந்தப் பிரிவிலாவது பாதிக்கும் குறைவானவர்கள் தேறியிருந்தால் பள்ளி இழுத்து மூடப்படும். ஊரே கை கழுவிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாதிப் பேரைத் தேற வைப்பது எப்படி? அப்போதுதான் ஒன்று அவர் கண்ணில் பட்டது. மறைந்துபோன ஆறு பேருமே தோற்றவர்கள். எண் இல்லாததால் அவர்கள் தோற்றது எங்கேயும் ஏறவில்லை. அந்த வருடம் பள்ளி தப்பித்தது அந்த ஆறு பேர் புண்ணியத்தில்தான்.

முதல் வருடம் தானாக நடந்ததை அடுத்த வருடத்திலிருந்து அவர் தன் கையால் செய்தார். உள்ளூர் நிலைமைக்கு ஏற்பப் புதுப் பிரிவுகள் சேர்த்துக்கொள்ளத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் உண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தேறமாட்டார்கள் என்று பட்டவர்களை அவர் பொறுக்கியெடுப்பார். ஒரே அறையில் ஐந்து பேருக்கு மேல் வசிப்பவர்கள் என்று ஒரு பிரிவு. காலையில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் என்று ஒன்று. தகப்பன் வெளியூரில் இருந்து பணம் அனுப்புகிறவர்கள் ஒன்று, அனுப்பாதவர்கள் இன்னொன்று. எதுவும் பத்தைத் தொடாது. ஒருமுறை எழுதிய பிரிவை மாற்றத் துறை அனுமதிக்காது என்பதால் யோசித்து யோசித்து எழுதுவார். ஒரே ஒருமுறை குமாஸ்தா கவனிக்காமல் இரட்டைப் பிள்ளைகள் இருவரை எட்டுப் பேர் இருந்த பிரிவில் சேர்த்துவிட்டார். பிரிவு பத்தாகிவிட, அறிக்கை வந்த காலையில் அதுவரை மறைந்திருந்த எட்டுப் பேரும் பளிச்சென்று தெரிந்தார்கள். ஒரு தாய், மகனுக்கு மீசை முளைத்திருப்பதைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். அந்தப் பிரிவில் சரிபாதி தேறியிருந்ததால் பள்ளி மயிரிழையில் பிழைத்தது. அதற்குப் பிறகு குமாஸ்தா கையில் அந்த வேலையைக் கொடுக்கவில்லை.

ஊர் பழகிக்கொண்டது. நடத்துனர்கள் காலி இருக்கையிடம் டிக்கெட் கேட்டார்கள், காலி இருக்கை சில்லறை கொடுத்தது. அம்மாக்கள் "சத்தம் போட்டு நட" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். பள்ளியின் தேர்ச்சி விகிதம் ஏறிக்கொண்டே போனது. கேடயம் கிடைத்தது, அடுத்த வருடம் பெரிய கேடயம் கிடைத்தது. கேடயத்தோடு பிடித்த படத்தில் முன்வரிசை முழுக்க ஆசிரியர்கள். பின்னால் காலி மைதானம். பள்ளியைக் காப்பாற்றத்தான் இத்தனையும் என்று தலைமையாசிரியை சொல்லிவந்தார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி அந்தக் கேடயங்களைத் துடைக்கும்போது அவர் முகத்தில் தெரிந்தது.

இந்த நிலையில்தான் வெல்டர் மகள் வந்து சேர்ந்தாள். மூன்று பள்ளிகள் திருப்பி அனுப்பிய பெண். விடிவதற்கு முன்பே எழுந்து அப்பாவின் பட்டறையில் ஜன்னல் கம்பி வெட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். முன்கை முழுக்கப் பொறி பட்ட புள்ளிகள். வகுப்பில் தூங்குவாள். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டால் கணக்குக்கு விடை சொல்லிவிட்டு மறுபடி தூங்குவாள். தலைமையாசிரியைக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். தன் டிபன் டப்பாவில் பாதியை அவளுக்குக் கொடுப்பார். ஆனால் அரையாண்டுத் தேர்வின்போது பட்டறையில் அவசர வேலை. இரவெல்லாம் கண் விழித்தவள் கணக்குத் தாளில் பெயரை எழுதிவிட்டு அதன்மேலேயே தலை சாய்த்துவிட்டாள். மதிப்பெண் பூஜ்யம். தலைமையாசிரியை பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். பிடித்த பிள்ளைக்கு ஒரு நியாயம், மற்றதுக்கு ஒரு நியாயமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பிரிவில் ஒன்பதாவது ஆளாக அவளை எழுதி அனுப்பினார்.

இறுதித் தேர்வில் அவள் தூங்கவில்லை. கணக்கில் அந்த வட்டாரத்திலேயே அவளுக்கு மேல் ஆள் இல்லை. அறிக்கைக்கு முந்தின நாளே மதிப்பெண்கள் தலைமையாசிரியை கைக்கு வந்துவிட்டன. துறைக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சினார். எழுதியது எழுதியதுதான் என்றார்கள். மறுநாள் காலை, தேறிவிட்ட செய்தி கேட்டுப் பள்ளிக்கு ஓடிவந்த வெல்டர் மகள் பாதித் தெருவிலேயே மறைந்துபோனாள். எதிரே வந்த சைக்கிள்காரர் அவள்மேல் மோதி விழுந்துவிட்டு, காற்றைத் திட்டினார். அவளுடைய சான்றிதழில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரம் இருந்தது. பாலிடெக்னிக்கில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நட்சத்திரத்துக்கெல்லாம் சீட்டு குடுக்க முடியாதும்மா. ஆளு வேற எங்க நிக்கிறன்னே தெரியலை," என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரே ஒரு வழி இருந்தது. சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவள் பெயர் அதே பிரிவில் தொடரும். பத்தாவது ஆள் ஒருவர் சேர்ந்தால் அடுத்த அறிக்கையில் நட்சத்திரம் எண்ணாகும், அவளும் தெரிய ஆரம்பிப்பாள், மதிப்பெண்ணும் தெரியும். "ஒருத்தர் வரட்டும். வந்த அன்னைக்கே எழுதிடுறேன் கண்ணு," என்று தலைமையாசிரியை அவள் கை இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னார். அந்தப் பெண் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தாள், வாரம் தவறாமல் வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், ஒரு சித்தி தன் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலக அறைக்குள் வந்தாள். குடையை மடக்கிக் கதவோரம் சாத்திவிட்டு, "இவ காலையில ஓட்டல்ல பாத்திரம் தேய்ச்சிட்டுதான் வருவா. கொஞ்சம் முன்ன பின்ன ஆச்சுன்னா திட்டாதீங்க டீச்சர்," என்றாள். தலைமையாசிரியையின் பேனா அந்த வரிசையின் மேல் வந்து நின்றது. பத்தாவது ஆள். மற்ற எட்டுப் பேரும் தோற்றவர்கள். இவளையும் சேர்த்து எண் போட்டால் பத்தில் ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். பள்ளி மூடப்படும். நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் தெருவுக்குப் போவார்கள். கேடயங்கள் எங்கே போகுமோ தெரியாது.

"வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"ஏழு பேரு."

"ஒரே ரூமா?"

"ஆமா டீச்சர். வேற எங்க போறது?"

ஒரே அறையில் ஐந்து பேருக்கு மேல் வசிப்பவர்கள் என்ற பிரிவில் அவளை எழுதினார். அதில் ஏற்கெனவே நான்கு பேர்தான். சித்தி எட்டிப் பார்த்து, "அதுல சேந்தா ஏதாச்சும் சலுகை உண்டா டீச்சர்?" என்றாள். "பாதுகாப்பு உண்டு," என்றார் தலைமையாசிரியை. சித்தி கும்பிட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர்கள் போனதும் எதிர் நாற்காலி நகர்ந்தது.

"நான் வந்து ரொம்ப நேரமாச்சு டீச்சர்," என்றது வெல்டர் மகளின் குரல். "ஆளு இருக்கேன்னு ரெண்டு தடவை இருமினேன். மழைச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை."

தலைமையாசிரியை எழுந்தார், உட்கார்ந்தார். உத்தரவைச் சொன்னார், பள்ளி மூடப்படும் என்பதைச் சொன்னார், கைக்குழந்தைக்காரி எங்கே போவாள், மற்றவர்கள் எங்கே போவார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னார். நாற்காலி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கும் கணக்கு வரும் டீச்சர்," என்றாள் கடைசியில். "அந்தப் பக்கம் நூறு பேரு, இந்தப் பக்கம் நான் ஒருத்தி. சரியாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா பத்தாவது ஆளு வந்தா எழுதுறேன்னு என் கையப் புடிச்சுச் சொன்னீங்களே, அன்னைக்கும் இதே கணக்குதானே? இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வாரா வாரம் பஸ் ஏறி வந்திருக்க மாட்டேன்ல?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி. ஆனால் அதை அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். பிறகு கதவு மெல்லத் திறந்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. பெரியவர்கள் இருக்கும் அறைக் கதவை அறைந்து சாத்தக் கூடாது என்று அந்தப் பள்ளியில்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வருடங்கள் போயின. பள்ளி மாநிலத்திலேயே சிறந்த மாற்றுப் பள்ளியானது. மைதானத்தில் யாருமே இல்லாமல் பந்து அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு ஒழுக்கமான பள்ளி என்று மெச்சி வெளியூர் வாத்தியார்கள் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். வெல்டர் மகள் பட்டறையிலேயே நின்றுவிட்டாள். கையில் எடுத்த கம்பியும் கருவியும் மறைந்துவிடும், பொறி மட்டும் மறையாது. அந்தரத்தில் நீலவெளிச்சம் வளைந்து வளைந்து போகும். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் அப்புறம் வேலை சுத்தம் என்று தேடி வந்தார்கள். கூலி மற்ற பட்டறைகளில் வாங்குவதுதான். கூடவும் இல்லை, குறைவும் இல்லை.

ஒரு வருடம், பரிசு கொடுக்க அதிகாரிகள் வரும் நாளுக்கு முன்தினம் பள்ளி கேட்டின் கீல் உடைந்துபோனது. தலைமையாசிரியை ஒரு வண்டியில் கேட்டை ஏற்றிக்கொண்டு தானே பட்டறைக்குப் போனார். வேறு பட்டறைகளும் இருந்தன. இருந்தாலும் இங்கேதான் வந்தார். நீலவெளிச்சம் ஒரு பெஞ்சுக் காலைச் சுற்றி முடித்துவிட்டு அணைந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரும் தெரியவில்லை, தெரியாதுதானே. குனிந்த தலை நிமிராமல், வருடக்கணக்காக மென்று விழுங்கியதையெல்லாம் சொன்னார். அன்றைக்கு வாக்குக் கொடுத்தபோதே தனக்குத் தெரியும் என்றார். நீ வருவது நின்ற பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது, அது எவ்வளவு கேவலம் என்றார். அழவும் செய்தார்.

பின்கதவு வழியாக வெல்டர் கை துடைத்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "யாருகிட்ட பேசிட்டு இருக்கீங்க டீச்சரம்மா? பாப்பா அப்பவே சாப்பிடப் போயிட்டாளே," என்றார்.

தலைமையாசிரியை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வந்ததும் ஏதாச்சும் சொல்லணுங்களா?"

அவர் நீலவெளிச்சம் அணைந்த இடத்தையே பார்த்தார். இன்னொரு தடவை அத்தனையும் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

"கேட் நாளைக்குக் காலையில வேணும்," என்றார். "ஆளுங்க வர்றாங்க."