தலைநகரிலிருந்து ஒரு பார்வையாளர்

"லேடி டீச்சர் இருக்காங்களா?"

"நானே அப்பா மாதிரிதாம்மா. தைரியமா வாங்க."

அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். தப்பு ரிசீவருடையது என்பதுபோல அப்பா அதையே முறைத்துப் பார்ப்பார்.

எங்கள் அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். ஒரு கார், ஒரு அறை, ஒரு மேசை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் மருந்துக் கடை. நான் வேலை பார்த்த நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் சேர்த்துக் குறைத்தது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அப்பா ஆரம்பித்தார்: "சும்மாதானே இருக்க, இன்ஜினியரம்மா? ஊருக்கெல்லாம் வெப்சைட் பண்ணிக் குடுத்தியே, நமக்கு ஒண்ணு பண்ணேன்."

இரண்டு வாரம் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூப்பிடுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தேன். அது தெரியாமல் தளம் கட்டுவது காலை அளக்காமல் செருப்பு தைப்பது மாதிரி. மொத்தம் நாற்பத்தோரு அழைப்புகள். அதில் இருபத்தாறு பேர் கேட்டது ஒரே கேள்வி, லேடி டீச்சர் இருக்காங்களா.

இருந்தாள். என் அக்கா.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்காக எல்லோரும் அப்பாவைப் பாராட்டுகிறார்கள். அப்பா ஃபீஸ் கட்டினார், இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கட்ட வேண்டும் என்பதற்காக அக்கா பத்தொன்பது வயதிலிருந்து அந்தக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பயிற்சிக் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஊரிலுள்ள பெண்கள் முட்டப் போன சுவர், கம்பம், மாடு எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் அதை மிதித்தாள். என் பட்டம் அவள் காலால் வாங்கியது.

மூன்று வருடத்துக்கு முன் ஒருவனைப் பிடித்திருக்கிறது, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று அப்பாவிடம் நேருக்கு நேராகச் சொன்னாள். "அப்படின்னா இந்த வாசப்படி உனக்கில்ல" என்றார். போய்விட்டாள். போன் எண்ணையும் மாற்றிவிட்டாள். தலைநகரில் இருக்கிறாள் என்று அவளிடம் வண்டி கற்ற நர்ஸ் ஒருத்தி சொன்னதோடு சரி. அவள் போன அன்று நான் என்ன செய்தேன்? பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு.

ஆகவே தளத்தின் முதல் பக்கத்தில் அக்காவின் படத்தைப் போட்டேன். நான் எடுத்த படம்தான். கார் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, எதிரே வருகிற லாரியைக் கையால் நிறுத்தியபடி சிரிக்கிறாள். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் இரவல் படங்கள் ஆயிரம் கிடைக்கும். அதையெல்லாம் பார்த்து யாரும் வண்டி கற்க வர மாட்டார்கள்.

அப்பா பார்த்தார். "எடு அத."

"ஏன்?"

"இல்லாத ஆள இருக்குன்னு காட்டி வியாபாரம் பண்ணச் சொல்றியா?"

"இல்லாமப் பண்ணது யாரு?"

அம்மா உள்ளேயிருந்து என் பேரைச் சொல்லிக் கத்தினாள். படத்தை முதல் பக்கத்திலிருந்து எடுத்தேன். எடுத்து, 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தின் அடிமட்டத்தில் வைத்தேன். பள்ளி தொடங்கிய கதை, உரிமத்தின் விவரம், அப்பாவின் அனுபவம் எல்லாம் தாண்டி. எந்த வாடிக்கையாளரும் அதுவரை போக மாட்டார். அப்பா கண்டிப்பாகப் போக மாட்டார் என்று நினைத்தேன்.

தளம் வெளியான ஒன்பதாவது நாள். யார் எங்கிருந்து வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று காட்டும் கணக்கைத் திறந்தேன். எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர், அரை நிமிடம் ஒரு நிமிடம். தலைநகரிலிருந்து ஒரே ஒருவர். ஒரு கைபேசி. மதியம் இரண்டரை. 'எங்களைப் பற்றி' பக்கம். பதினோரு நிமிடம்.

மறுநாளும் அதே இரண்டரை. பத்து நிமிடம். அதற்கு மறுநாள் பன்னிரண்டு.

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் ஓடினேன். "அக்கா பாக்கறாம்மா."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். திரையில் இருந்தது ஒரு ஊரின் பெயரும் ஒரு எண்ணும்தான். அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"சாப்பிட்டு முடிச்சு உக்காந்து பாக்கறா போல" என்றாள். "அவளுக்கு மதியம் தூக்கம் வராது."

அன்றிலிருந்து நாள்தோறும் மூன்று மணிக்கு அம்மா என் அறை வாசலில் வந்து நிற்பாள்.

"வந்தாளா?"

"வந்தா. பதினோரு நிமிஷம்."

"நேத்தவிட ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்தி."

போய்ப் படுப்பாள். கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள், அந்தப் பயம்கூட அவளுக்கு இல்லாமல் போனது.

அதன்பிறகு நான் செய்ததை எந்த நிறுவனத்திலாவது செய்திருந்தால் முதல் நாளே துரத்தியிருப்பார்கள். தளத்தை ஒரே ஒருவருக்காகக் கட்ட ஆரம்பித்தேன். 'செய்திகள்' என்று ஒரு பகுதி சேர்த்தேன். 'நம் அலுவலகத்துக்குப் புதிய வண்ணம் பூசப்பட்டுள்ளது.' 'பள்ளி உரிமையாளரின் துணைவியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது.' 'உரிமையாளரின் இளைய மகள் வேலையின்றி வீட்டில் இருக்கிறாள், கோபம் குறையவில்லை.' அம்மா தலையை வாரிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியோடு படத்துக்கு நின்றாள். "சிரிக்கவா, வேண்டாமா? ரொம்பச் சிரிச்சா நாம நல்லாத்தான் இருக்கோம்னு நெனச்சுருவா." பாதிச் சிரிப்போடு எடுத்தேன்.

இத்தனையும் மேலே ஏற ஏற, தொலைபேசி எண் கீழே கீழே போனது.

"போனே அடிக்க மாட்டேங்குதே" என்றார் அப்பா. "முந்தியாவது கேட்டுட்டு வெப்பாங்க. இப்ப கேக்கக்கூட ஆளக் காணோம். நேத்து ஒருத்தர் கூப்பிட்டாரு. என்னன்னு கேட்டா, உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு இப்ப பரவாயில்லையாங்கறாரு! நான் வண்டி ஓட்டச் சொல்லித் தரேனா, ஆஸ்பத்திரி நடத்தறேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம் இன்னொன்றும் நெஞ்சை அரித்தது. தினமும் வருகிறாளே, ஏன் ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறாள்? பக்கத்தின் அடியில் ஒரு பெட்டி வைத்திருந்தேன், பேர்கூட வேண்டாம், எழுதி அழுத்தினால் போதும். ஒரு புள்ளி வைத்து அனுப்பினால்கூடப் போதுமே. அவள் சிரித்துக்கொண்டே என் தலையில் குட்டுவாள், அந்தக் குட்டு எனக்கு வேண்டும்போல இருந்தது. மதியம் இரண்டரை ஆனால் கணக்கைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தளத்துக்குப் புதுப் படங்கள் எடுக்கலாம் என்று பயிற்சி மைதானத்துக்குப் போனேன். ஊருக்கு வெளியே, பழைய மாவு மில்லுக்குப் பின்னால். மதியப் பயிற்சி மூன்று மணிக்குத்தான். மர நிழலில் கார் நின்றிருந்தது. என் கைபேசியில் கணக்கைத் திறந்தேன். 'இப்போது தளத்தில் இருப்பவர்: 1. தலைநகரம்.'

நிமிர்ந்தேன். அப்பா பக்கத்து இருக்கையில், அக்காவின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்திருந்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். லாரி போனது. கார் போனது. அக்காவின் முகம் மட்டும் இருந்தது.

கைபேசி நிறுவனங்கள் பல ஊர்களின் இணையத்தை ஒரே மையத்தின் வழியாக அனுப்புவதுண்டு. ஆள் எங்கே இருந்தாலும் கணக்கில் மையத்தின் ஊர்தான் தெரியும். இது இரண்டாம் ஆண்டுப் பாடம். பரீட்சையில் கேட்டார்கள், எழுதினேன், முழு மதிப்பெண். வீட்டில் நான் சோதித்ததெல்லாம் கம்பி இணைப்பில், அதில் எங்கள் ஊர் சரியாக வந்தது. அப்பாவின் போன் வேறு நிறுவனம். தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அப்பா போனைக் கவிழ்த்தார்.

"சைட்டு ஒழுங்கா ஓடுதான்னு பாத்தேன்" என்றார்.

"பதினோரு நிமிஷமாவா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"எல்லாம் தெரியும். எடுக்கச் சொன்ன ஃபோட்டோ இன்னும் ஏன் இருக்குன்னு என்னக் கேக்கவே இல்லையே?"

"கேட்டா எடுத்துருவ."

கத்தவேண்டும் என்றுதான் கதவைத் திறந்தேன். வாசப்படி உனக்கில்ல என்று சொன்ன வாய்தானே இது என்று கேட்க வந்தேன். கேட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அடுத்து என் வாயில் வந்தது அதைவிட மோசமாக இருந்தது. "அம்மா தெனமும் அக்கா வந்தாளான்னு கேக்கறாங்க. வந்தான்னு சொல்லிட்டிருக்கேன். நாப்பது நாளா. வந்தது நீங்க."

அப்பா முன்னால் தெரிந்த காலி மைதானத்தில், வண்டியைப் பின்னோக்கி எடுக்கப் பழகுவதற்கு நட்ட கம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வலது கால் தானாகப் பிரேக்கின்மேல் இருந்தது, வண்டி ஓடாதபோதும்.

"வேலைக்கு ஆள் தேவைன்னு அதுல போடலாமா?" என்றார் கடைசியில்.

"போடலாம்."

"எழுதிக்கோ. பெண் பயிற்சியாளர் தேவை."

கைபேசியில் அடித்தேன்.

"அனுபவம் ஏழு வருஷம். கம்மியா இருந்தா வேணாம். மழையில சொல்லிக் குடுத்துப் பழக்கம் இருக்கணும். லாரிக்காரங்கிட்ட சத்தம் போடத் தெரியணும்."

"இப்படிப் போட்டா எவளும் வர மாட்டாப்பா."

"எவளோ வரணும்னு நானும் சொல்லல. எழுது. தங்க எடம் உண்டு."

எழுதினேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"குடும்பத்தோட வரலாம்னு போடு."

"குடும்பம்னா?"

"குடும்பம்னா குடும்பந்தான். அதுல என்ன கேள்வி?"

"படிக்கறவங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது. தெளிவா இருக்கணும். யாரு வரலாம்?"

கொடுமை என்று எனக்கே தெரியும். ஆனால் மூன்று வருடக் கோபம், அதை அவர் வாயால் கேட்காமல் விட மனசில்லை.

"புருஷனோட வரலாம்" என்றார். இருமிவிட்டு இன்னொருமுறை சொன்னார். "புருஷனோட வரலாம்னு போடு. பிள்ள குட்டி இருந்தா அதுவும்."

முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றிவிட்டு அவரிடம் காட்டினேன். தூரத்தில் மூன்று மணிக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை.

"எழுத்து சின்னதா இருக்கு."

பெரிதாக்கினேன்.

"இன்னும்."

இன்னும் பெரிதாக்கினேன். திரை முழுக்க அந்த வரிகள் மட்டும்தான்.

"போதும்ப்பா. போன் நம்பர் கீழ போயிடுது. ஸ்க்ரோல் பண்ணாமத் தெரியாது."

"போகட்டும்" என்றார் அப்பா. "அவளுக்கு நம்பர் தெரியும்."