அறுநூற்று நாற்பதில் நாற்பது

இன்னும் இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். இப்போது புதன்கிழமை காலை ஆறு. இசக்கிராஜா சாரத்தின் உச்சியில் குத்தவைத்து உட்கார்ந்து, பட்டி பிளேடால் ஒரு போல்ட்டின் தலையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சாம்பல் நிறப் பெயிண்ட் துருவல் துருவலாக உதிர்ந்து அவன் லுங்கியில் விழுந்தது. கடைசித் துணுக்கை உப்புத்தாளால் தேய்த்ததும் முக்கோண முத்திரை தெரிந்தது. உள்நாட்டுக் கம்பெனியின் முத்திரை. அடுத்த போல்ட்டுக்கு நகர்ந்தான்.

திருவேங்கடம் சாலையில், பூ வியாபாரிகளுக்காக அரசுப் பணத்தில் கட்டிய ஏலக் கொட்டகை அது. இரும்புத் தூண், இரும்பு உத்திரம், மேலே தகடு. எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது அறுநூற்று நாற்பது போல்ட்டுகள். ஒப்பந்தத்தில் ஒரு கட்டாயம் போட்டிருந்தார்கள். தூணிலிருந்து ஆணி வரை, உலோகம் என்று சொல்லக்கூடியது எதுவானாலும் உள்நாட்டில் செய்ததாகவே இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது என்று ஸ்டோர்காரன், கான்ட்ராக்டர், அரசு இன்ஜினியர் மூன்று பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யென்று பின்னால் தெரிந்தால் கான்ட்ராக்டருக்கு இரண்டு வருடம் அரசு வேலை கிடையாது. கையெழுத்துப் போட்ட இன்ஜினியருக்கு என்ன ஆகும் என்று அந்தத் தாளில் எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை.

ஸ்டோர்காரன் இசக்கிராஜாதான். அறுநூற்று நாற்பதில் நாற்பது வெளிநாட்டுச் சரக்கு என்று இந்த வேலையிடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எந்த நாற்பது என்று அவனுக்கும் தெரியாது.

புரட்டாசியில் திருநெல்வேலிக் கடையிலிருந்து லாரியில் பதினேழு பெட்டி வந்து இறங்கியது. பெட்டிக்கு நாற்பது போல்ட். பதினாறு பெட்டி கேட்டது. பதினேழாவது பெட்டி கடைக்காரர்கள் தவறுதலாக ஏற்றிவிட்டது, வெளிநாட்டுச் சரக்கு. இசக்கிராஜா அதை அன்றைக்கே கண்டுபிடித்து, சாக்பீஸால் ‘ரிட்டன்’ என்று எழுதித் தனியாக மூலையில் வைத்தான். அதுவரை ஒரு தப்பும் இல்லை.

பிறகு ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு ஸ்டோர் கூரைக்குக் கீழே இருக்கிற எந்தச் சாமானையும் பொட்டு வைக்காமல் விடக் கூடாது என்பது கான்ட்ராக்டர் துரைப்பாண்டியின் சட்டம். மறுநாள் திருப்பி அனுப்பப்போகிற சாமானாக இருந்தாலும் சரி. பதினேழு பெட்டியையும் உடைத்து, போல்ட்டை எல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். இசக்கிராஜாவின் மனைவி பொன்செல்வி வந்து, சாமி படத்துக்கு முன்னால் அறுநூற்று எண்பது போல்ட்டையும் வட்டம் வட்டமாக அடுக்கிக் கோலமாக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் சந்தனம் வைத்தாள். திருப்பி அனுப்ப வேண்டிய நாற்பதையும் நடு வட்டத்தில் வை என்று அவன் முன்கூட்டியே சொல்லியிருந்தான். மறுநாள் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தபோது நடு வட்டத்தை அள்ளிப் பெட்டியில் போட்டான். நாற்பது இருக்கிறதா என்று எண்ணினான். தலையில் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைத்து முத்திரையைப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடையிலிருந்து முகம்மது அர்ஷத் போன் செய்தான். திரும்பி வந்த பெட்டியில் இருப்பதெல்லாம் உள்நாட்டுச் சரக்கு என்றான். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், இதை எதற்கு அண்ணாச்சி பெரிசாக்கணும் என்று சிரித்தான். இசக்கிராஜா கூரையை அண்ணாந்து பார்த்தான். பாதிக்கு மேல் முடுக்கியிருந்தார்கள். அவன் “சரி” என்று மட்டும் சொன்னான்.

அந்தச் சரிக்கு இன்றோடு முப்பத்திரண்டு நாள்.

ஏழரை மணிக்குள் முப்பத்தைந்து போல்ட்டைச் சுரண்டிவிட்டான். மூன்றில் முக்கோணம் இல்லை. வட்டத்துக்குள் மூன்று எழுத்து இருந்தது. மூன்றையும் கழற்றினால் போடுவதற்கு மாற்று போல்ட் ஒன்றுகூடக் கையில் இல்லை என்பது மூன்றாவதைக் கண்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கண்டுபிடித்துவிட்டால் போதும் என்பதுபோல் ஏறி வந்திருக்கிறான்.

கீழே புல்லட் சத்தம் கேட்டது.

“ஏலே இசக்கி, காலங்காத்தால மேல என்னல பண்ணுதே?”

துரைப்பாண்டி இடுப்பில் கைவைத்து அண்ணாந்து நின்றார். பதினெட்டு வருடம் அடுத்தவர்களிடம் உள்ஒப்பந்த வேலை எடுத்துச் செய்தவர். இதுதான் அவர் பெயரிலேயே எடுத்த முதல் அரசு வேலை. கழுகுமலையில் வைத்திருந்த இரும்புக் கடையை மூடிவிட்டு இசக்கிராஜா வீட்டில் முடங்கிக் கிடந்தபோது, வீடு தேடி வந்து ஸ்டோர் சாவியைக் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

“பெயிண்டு பிடிச்சிருக்கான்னு பார்த்தேன், அண்ணாச்சி.”

அவர் சாரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, டீ கிளாஸோடு வந்த பெயிண்டர் பேச்சிராஜின் பக்கம் திரும்பி, கூலி வாங்குகிற நீ இன்னும் பல்லு விளக்கவில்லை, இவன் விடியுமுன்னே ஏறி நிற்கிறான் பார் என்று இரைந்தார். பேச்சிராஜ் சளைக்கவில்லை.

“அவரு சுரண்டுவாரு, நான் பூசணும். நல்ல பொழைப்புதான்.”

சுரண்டிய முப்பத்தைந்து இடத்துக்கும் ஒன்பது மணிக்குள் புதுப் பெயிண்ட் ஏறியது. பழைய சாம்பல் நிறத்துக்கு நடுவே அவை ஈரமாக, கண்ணைக் குத்துகிற மாதிரி மின்னின. அதிகாரியின் கண் முதலில் அங்கேதான் போகும் என்று இசக்கிராஜாவுக்குத் தோன்றியது. சாரத்தை நாளைக்குப் பிரிக்கலாம் என்று சொன்னான். பிறகு இன்றைக்கே பிரித்துவிடுங்கள் என்றான். பிறகு வேண்டாம் என்றான். பேச்சிராஜ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பைக்கை எடுத்துக்கொண்டு பனவடலிசத்திரத்துக்குச் சாலை பிரிகிற விலக்கு வரை போனான். ஓரமாக நிறுத்தி அர்ஷத்துக்குப் போன் போட்டான். திரும்பி வந்த அந்த நாற்பதை எப்போதோ ஒரு லேத் பட்டறைக்குக் கொடுத்தாயிற்று என்றான் அர்ஷத். புதிதாக வரவழைக்க ஐந்து நாள் ஆகுமாம். எதுவும் பிரச்சினையா அண்ணாச்சி என்று கேட்டான். பிரச்சினை ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டு, வந்த வேலை இன்னதென்று தெரியாதவன்போல் இரண்டு கிலோமீட்டர் இன்னும் மேலே போய்த் திரும்பினான்.

மத்தியானம் பொன்செல்வி சோறு போட்டாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் கணிதத்தில் பி.எஸ்ஸி. சாயங்காலம் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள்.

“அறுநூத்தி நாப்பது முட்டையில நாப்பது அழுகல்னு வச்சுக்கோ. கண்ண மூடிட்டுப் பத்து எடுத்தா, அழுகல் ஒண்ணுகூட மாட்டாம இருக்க வாய்ப்பு எவ்வளவு?”

“இவ்வளவு முட்டைய எவன் தலையில கட்டப் போறீய?”

“சும்மா சொல்லுட்டி.”

பத்து என்றது அவன் கற்பனை இல்லை. அதிகாரி பத்து போல்ட்டைத்தான் சுரண்டிப் பார்ப்பார் என்று சென்னையிலிருந்து வந்த கடிதத்தில் இருந்தது. அவள் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். உதடு அசைந்தது. நூற்றுக்கு ஐம்பத்திரண்டு என்றாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே, தப்பிக்கவும் செய்யலாம், மாட்டவும் செய்யலாம். சொல்லிவிட்டு அவன் தட்டைப் பார்த்தாள். சோறு அப்படியே இருந்தது.

“ஆயுத பூசைக்கு நடு வட்டத்துல நான் சொன்ன நாப்பதத்தான வச்சே?”

“மொதல்ல அதத்தான் வச்சேன். சாமி படத்துக்கு நேரா மங்கலா இருந்துச்சு. பொறவு வெளிய இருந்ததுல பளபளன்னு நாப்பது எடுத்து மாத்தி வச்சேன். எண்ணித்தான் வச்சேன். ஏன் கேக்கீய?”

“ஒண்ணுமில்ல.”

அவன் கைகழுவ எழுந்தான். அவள் விடவில்லை. முட்டை இல்லையே இது, போல்ட்டுதானே என்று கேட்டாள். அவன் திரும்பாமலேயே செருப்பை மாட்டினான். மாட்டியது அவளுடைய செருப்பு. வாசல்வரை போய்த் திரும்பி வந்து மாற்றிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை.

நான்கு மணிக்கு அரசு இன்ஜினியர் சிவப்ரியா ஸ்டோருக்கு வந்தாள். இருபத்தெட்டு வயது. அப்பா கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகவில்லை, அவள் தனியாகப் பார்த்த முதல் கட்டிடம் இது. உறுதிமொழித் தாளைக் கொண்டுவந்திருந்தாள். காலையில் அவசரப்பட வேண்டாம், இப்போதே நீங்கள் போட்டுவிடலாமே என்றாள். அவன் பேனாவைத் தேடினான். சட்டைப் பையில் இருந்த பேனாவை விட்டுவிட்டு மேசை முழுதும் தேடினான். கடைசியில், அதிகாரி எதிரில் வைத்துப் போட்டால்தான் மரியாதை என்று சொன்னான். அவளும் ஒத்துக்கொண்டாள். போகும்போது, தண்ணி குடிச்சீங்களா அண்ணாச்சி, முகம் வாடிக்கிடக்கு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சொல்லிவிடலாம் என்று அவன் நினைக்காத மணி நேரம் கிடையாது. சொன்னால் ஒப்படைப்பு நின்றுவிடும். ஒவ்வொரு போல்ட்டையும் சுரண்டி, நாற்பதைக் கண்டுபிடித்து மாற்றுவதற்குள் கார்த்திகை முகூர்த்தம் முடிந்துவிடும். பூ வியாபாரிகள் இன்னொரு மழைக்கு ரோட்டோரம் சாக்கை விரித்து உட்கார வேண்டும். அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முப்பத்திரண்டு நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று துரைப்பாண்டி கேட்பாரே. சாவியைத் திருப்பிக் கேட்பார். கேட்காமல் பேசாமல் போனாலும் போவார், அது அதைவிட மோசம்.

வியாழக்கிழமை பத்து ஐம்பதுக்கே கார் வந்துவிட்டது. அதிகாரியின் பெயர் சுமதி. ஐம்பது வயதிருக்கும். கைகுலுக்கல், மாலை எதுவும் வேண்டாமென்று சொல்லிவிட்டு நேராக அண்ணாந்து பார்த்தார். அவர் கண் புதுப் பெயிண்ட்டில்தான் போய் நின்றது. அது என்ன என்றார். பெயிண்ட் சோதித்தோம் என்று துரைப்பாண்டி சொன்னார், குரலில் பெருமை இருந்தது. அப்படியானால் அதில் மூன்று, மற்ற இடங்களில் ஏழு என்றார் சுமதி. விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். பேச்சிராஜ் ஏறினான்.

இசக்கிராஜா தூணோரம் நின்றான். நிற்க முடியாமல் அடுத்த தூணுக்குப் போனான். மேலே உப்புத்தாள் கரகரவென்று தேய்ந்தது.

“முக்கோணம்,” என்றான் பேச்சிராஜ். சுமதி குறித்துக்கொண்டார்.

இரண்டு, மூன்று. புதுப் பெயிண்ட் முடிந்தது. சாரத்தை நகர்த்த அரை மணி நேரம் ஆனது. நான்கு, ஐந்து. ஆறாவதில் பேச்சிராஜ் தாமதித்தான். இன்னும் கொஞ்சம் தேய்க்கணும் மேடம் என்றான். முக்கோணம்தான். ஏழு, எட்டு, ஒன்பது.

பத்தும் முக்கோணம்.

துரைப்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இசக்கிராஜாவின் தோளில் தட்டினார். அந்தக் கனமான கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவன் எதிர்பார்த்திருந்த நிம்மதி வரவில்லை. இனி கண்டுபிடிக்க ஆள் கிடையாது. இனி இது அவன் ஒருவனோடு மட்டும் இருக்கும், இந்தச் சாலையில் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்க வைக்கும்.

ஸ்டோர் மேசையில் தாளை வைத்தார்கள். சுமதி வாசித்தார். இந்தக் கட்டிடத்தில் பயன்படுத்திய எல்லா உலோகப் பொருள்களும் உள்நாட்டில் செய்யப்பட்டவை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறோம். முதல் வரி ஸ்டோர்காரனுக்கு, அடுத்தது கான்ட்ராக்டருக்கு, மூன்றாவது இன்ஜினியருக்கு. துரைப்பாண்டி அவசரத்தில் தன் வரியில் முதலிலேயே போட்டுவிட்டார். சிவப்ரியாவிடம் தள்ளினார். அவள் பேனாவைத் திறந்தாள், ஆனால் போடவில்லை.

“நீங்க போடுங்க அண்ணாச்சி. ஒரு ஒரு பெட்டியையும் உடைச்சது நீங்கதான். உங்க கையெழுத்தப் பார்த்துட்டுத்தான் நான் போடுவேன்.”

சொல்லிவிட்டு அவனுக்காக இடம்விட்டு நகர்ந்து நின்றாள். அவள் பேனா முனை தாளுக்கு ஒரு சாண் மேலே காத்திருந்தது. அவனைக் கொஞ்சமும் சந்தேகப்படாத முகம்.

அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் குனிந்தான். தன் பெயரின் முதல் எழுத்து வரவேண்டிய இடத்தில் முனையை ஊன்றினான். ஒரு புள்ளி விழுந்தது. சுமதி கடிகாரத்தைப் பார்த்தார். துரைப்பாண்டி, போடுல என்றார் மெதுவாக.

இசக்கிராஜா பேனாவை மூடி மேசையில் வைத்தான். துரைப்பாண்டியை அவனால் பார்க்க முடியவில்லை. சிவப்ரியாவைப் பார்த்தான்.

“நீங்க போடாதீங்க மேடம். மேல நாப்பது போல்ட்டு வெளிநாட்டுச் சரக்கு. திருப்பி அனுப்ப வேண்டியத விட்டுட்டு நம்ம சரக்க மாத்தி அனுப்புனது நான்தான்.”