ஹிக்கரி ஓடைக்கரைப் பொறிகள்

டுவைட் ப்ரூயிட் படியேறி வந்து தொப்பியைக் கழற்றினான். ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. கையிலிருந்த இரும்புக் கால்பொறியை வராந்தாக் கைப்பிடியின் மேல் வைத்தான். அதன் சங்கிலியில் ஒரு செப்புத் தகடு தொங்கியது. எங்கள் மாநிலத்தில் பொறி வைக்கிறவன் எவனும் தன் பெயரைத் தகட்டில் அடித்துக் கட்டியாக வேண்டும். அந்தத் தகட்டில் இருந்தது என் பெயர்: எமெட் க்ரீக்மோர்.

அவனுடைய வேட்டை நாய் மேபல் இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை. அன்று காலை, ஓடைக்கரையில், அவன் நிலத்துக்குள்ளேயே, இந்தப் பொறியில் முன்கால் மாட்டிக் கிடந்ததாம். கால் வீங்கி ஒரு விரல் கறுத்துவிட்டது என்றான். அதைச் சொல்லும்போதும் அவன் குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“உங்க கொட்டகையில இருந்து எவனோ தூக்கிட்டுப் போயிருப்பான், மிஸ்டர் எமெட். அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் நம்பிக்கிறேன்.”

“என் பேர் போட்ட பொறி என் பொறிதான்” என்றேன்.

ரக்கூனுக்குப் பொறி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே ராத்திரியில் கோழிக்கூட்டையே காலி செய்கிற திருட்டு ஜந்து அது. எங்கள் பக்கத்தில் அதைப் பிடிக்காத வீடு கிடையாது. ஆனால் அடுத்தவன் நிலத்தில் கேட்காமல் பொறி வைப்பது, வைத்த பொறியைத் தினமும் போய்ப் பார்க்காமல் விடுவது, இந்த இரண்டையும் செய்கிறவனை யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். ப்ரூயிட் வீட்டு நாய்களை நினைத்துத்தான் கால்பொறிகளை நான் எப்போதோ நிறுத்தினேன். இப்போது வைப்பதெல்லாம் குழாய்ப் பொறி. உள்ளே மார்ஷ்மெல்லோ மிட்டாய் போட்டு வைத்தால், கையை நுழைத்துத் துழாவுகிற ரக்கூன் மட்டும்தான் மாட்டும், நாயின் கால் அதற்குள் போகாது. பழைய கால்பொறிகள் கொட்டகைச் சுவரில் ஆணிகளில் தொங்குகின்றன. தொங்குகின்றன என்றுதான் நினைத்திருந்தேன்.

டுவைட் கிளம்பும் முன் திரும்பி நின்றான். சனிக்கிழமை அவனுடைய வேட்டை கிளப் நாய்களை விட்டு ரக்கூன் பிடிக்கிற ராத்திரி. இரண்டு கவுண்டிகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், பொழுது சாய்ந்ததும் முப்பது நாய்களை அந்தக் கரையில்தான் அவிழ்த்து விடப் போகிறார்கள். இன்னும் ஏதாவது பொறி கிடக்கிறதா என்று கேட்டான்.

“ஒண்ணும் இல்லை. இது என் வார்த்தை.”

அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது. இந்தக் கவுண்டியில் யாருக்கும் க்ரீக்மோர் வார்த்தை போதும். தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டான். நான் நேராகக் கொட்டகைக்குப் போனேன். அவன் கொண்டுவந்த பொறியின் ஆணியோடு இன்னும் நான்கு ஆணிகள் வெறுமையாக இருந்தன.

பொறியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். இரும்பின் வாசம் போவதற்காக வால்நட் தோலோடு சேர்த்து வேகவைத்து, கறுப்பாக்கியிருந்தது. மிதிதகட்டின் மேல் சமையலறை வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. தண்ணீருக்கடியில் மினுங்குவதை ரக்கூன் தொட்டுப் பார்க்காமல் போகாது. இது எங்கள் அப்பாவின் முறை. அதை அறிந்தவர்களில் இப்போது உயிரோடிருப்பது இரண்டே பேர். அதில் ஒருவன் நான்.

இன்னொருத்தி என் அக்கா ஓப்பல். என்னைவிட மூன்று வயது மூத்தவள், கணவன் போன பிறகு என்னோடு வந்து இருக்கிறாள். போன வாரம் அவள் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கறுத்திருந்தன. கேக்குக்காக வால்நட் உரித்ததாகச் சொன்னாள். கேக் எதுவும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. அலமாரியில் இருந்த மத்தி மீன் டின்கள், ரக்கூனுக்குப் பிடித்த இரை, காணாமல் போனதையும் கேட்கவில்லை.

இந்த வசந்தத்திலிருந்தே இப்படித்தான். காப்பியில் உப்புப் போடுவாள். என்னை அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தேவாலயத்தில் அவள் தேடித் தடுமாறுவதற்குள் பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை நானே திறந்து அவள் கையில் கொடுத்துவிடுவேன். யாருக்கும் எதுவும் தெரியாது. எங்கள் வீட்டுக் கஷ்டம் எங்கள் வீட்டுக் கதவைத் தாண்டிப் போனதில்லை. அவளை ஊர் பரிதாபமாகப் பார்க்கும்படி விடுவதைவிட, நாயின் காலைக் கெடுத்த பொறுப்பில்லாத கிழவன் என்று என்னைச் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன்.

மற்ற பொறிகள் எங்கே என்று அவளிடம் கேட்டேன்.

“எங்க இருக்கணுமோ அங்க இருக்கு. நீ போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு” என்றாள்.

அதற்கு மேல் கேட்டபோது முகம் கலங்கியது. அதை மறைக்கப் பாத்திரங்களை உருட்டினாள். அவளுக்கே தெரியவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அந்தக் கரை ஒரு காலத்தில் எங்களுடையது. நான் ராணுவத்தில் இருந்தபோது அப்பா அதை டுவைட்டின் தாத்தாவுக்கு விற்றார். விற்றது அவள் நினைவிலிருந்து போய்விட்டது.

வியாழனும் வெள்ளியும் டுவைட் ஆலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான் ஓடையில் இறங்கித் தேடினேன். கோலால் கரையோரமெல்லாம் குத்திப் பார்த்தேன். இருமுறை வழுக்கி விழுந்தேன். வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. சோளரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போவேன், ஆணிகளைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். பிக்கப் வண்டியைப் பாலம் வரை ஓட்டிப் போய் ஒன்றும் செய்யாமல் திருப்பிக்கொண்டு வருவேன். தூரத்தில் எந்த நாய் குரைத்தாலும் என் கால் தானாக வாசலுக்குப் போகும். ஒரு பொறிகூட அகப்படவில்லை. ஓர் இலை இடம் மாறியிருக்கவில்லை, சேற்றில் ஒரு கால்தடம் இல்லை. இந்த வயதிலும், இந்த நிலையிலும், அவள் வேலை அவ்வளவு சுத்தம். அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. உடனே என் மேலேயே எரிச்சலும் வந்தது.

சனிக்கிழமை காலை வேறு வழி தோன்றவில்லை. ரப்பர் பூட்ஸை அவள் நாற்காலிக்கு முன் வைத்தேன்.

“அக்கா, வா. பொறி பாத்துட்டு வந்துரலாம்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இவ்வளவு வெளிச்சம் வந்தப்புறமா? அப்பா பார்த்தா தோலை உரிச்சிருவாரு” என்று திட்டிக்கொண்டே பூட்ஸை மாட்டினாள். நான் வாளியையும் சின்ன ரைஃபிளையும் எடுத்துக்கொண்டேன்.

வேலியைத் தாண்டியதும் அவள் நடை மாறியது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பவள், எதையும் பிடிக்காமல் முன்னே போனாள். ஒரு சிக்கமோர் மரத்தின் வேர்களுக்குக் கீழே குனிந்து, தண்ணீரில் கைவிட்டு, முதல் பொறியை எடுத்தாள். நான் அந்த இடத்தை இரண்டு தடவை மிதித்துப் போயிருக்கிறேன். வளைவுக்கு அப்பால் இரண்டாவதில் ஒரு பெரிய ஆண் ரக்கூன் கரையை எல்லாம் பிறாண்டிவைத்து உறுமிக்கொண்டிருந்தது. நான் சுட்டேன். அதன் காலடிச் சேறு எல்லாம் புதிதாகக் கிளறியிருந்தது, முந்தின ராத்திரிதான் மாட்டியிருக்கிறது, நாள்கணக்கில் தவிக்கவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல். மூன்றாவதில் எதுவும் இல்லை.

நான்காவதை அவள் எடுக்கக் குனிந்தபோது மேலே சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. டுவைட் நின்றிருந்தான். நாய் அவிழ்க்கிற இடத்துக்கு அடையாளத் துணியை அங்கே ஒரு மரத்தில் அப்போதுதான் கட்டியிருக்கிறான். என் வாளியில் கிடந்த மூன்று பொறிகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“ஒண்ணும் இல்லைன்னீங்களே, மிஸ்டர் எமெட்.”

“எல்லாம் நான் வெச்சது” என்றேன். “வெச்சதை மறந்துட்டேன். மேபல் காலுக்கும் நான்தான் காரணம்.”

எனக்குத் தெரிந்து நான் சொன்ன முதல் பொய் அது. அதைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்க அவள் விடவில்லை. சேறு சொட்டும் பொறியோடு நிமிர்ந்தாள்.

“இவனா வெச்சான்? இவன் பொறி வெச்சா ரக்கூன் சிரிச்சுட்டுப் போகும். இது ஓப்பல் க்ரீக்மோர் வெச்சது. அடுத்தவ புடிச்சதைத் தன்னுதுன்னு சொல்ற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லடா, எமெட்.” பிறகு டுவைட்டைப் பார்த்தாள். “நீ யாருப்பா? எங்கப்பா நிலத்துல உனக்கு என்ன வேலை?”

பிறந்ததிலிருந்து அவளைத் தெரிந்தவன் அவன். ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் அவளிடம்தான் படித்தான். அவன் கை மெதுவாகத் தொப்பிக்குப் போனது.

“டுவைட், மேடம். ப்ரூயிட் வீட்டுப் பையன்.”

“இந்தப் பக்கம் நாயைக் கொண்டு வராதே. என் பொறிங்க இருக்கு.”

“எத்தனை இருக்கு, மேடம்?”

“போதுமான அளவு இருக்கு” என்றாள்.

நான்கு ஆணிகள், நான்கு பொறிகள். கணக்கு முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் கணவன் வீட்டிலிருந்து வந்த பெட்டிகளை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. அவற்றில் என்ன இரும்பு கிடந்ததோ, எதை எங்கே கொண்டுபோய் வைத்தாளோ. டுவைட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு முறை என் வார்த்தையைக் கொடுத்தால் இப்போதும் அவன் எடுத்துக்கொள்வான் என்று தெரிந்தது. முப்பது நாய்களின் கால்கள் அந்த வார்த்தையின் மேல் ஓடும்.

“நான் குடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கிறேன்” என்றேன். “இன்னைக்கு இங்க நாய் விடாதே.”

“ஆளுங்க கிளம்பிட்டாங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்றது?”

“என் அக்காவுக்கு நினைவு தப்பிப் போச்சு. எங்கெங்க பொறி வெச்சிருக்கான்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதையே சொல்லு. யார் கேட்டாலும் சொல்லு. எமெட் சொன்னான்னு சொல்லு.”

இந்த வாக்கியத்தை வசந்தத்திலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். வெளியே வந்தபோது அது ரொம்பச் சின்னதாக இருந்தது. டுவைட் மரத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்க்க ஆரம்பித்தான். முடிச்சு இறுகியிருந்ததால் கத்தியை எடுத்தான்.

நான் ஓப்பலைப் பார்க்கத் திரும்பினேன். அவள் அங்கே இல்லை. ஓடையின் மேல்பக்கமாக, பாறைகள் இருக்கிற திசையில், முழங்கால் தண்ணீரில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

“வாளியைத் தூக்கிட்டு வாடா” என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.