ஐந்நூற்றில் ஒன்று

...சாதா மாடலில் இருக்கும் அதே எஞ்சின்தான், அதே நாலு சக்கரம்தான், கதவில் ஒரு சிவப்புக் கோடும் உள்ளே ‘ஐந்நூற்றில் ஒன்று’ என்று ஒரு தகடும்தான் கூடுதல், மொத்தமே ஐந்நூறு வண்டிதான் செய்தார்களாம், அதற்குப் போய் ஒன்றரை மடங்கு விலை... சித்தப்பா அன்றைக்கே சிரித்தாரே, “அண்ணே, நாலு பேரு போற வண்டிய வித்துட்டு நாலு பேரு பாக்குற வண்டிய வாங்கியிருக்கீங்க”ன்னு, அப்பாவுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு, “உனக்கென்னடா தெரியும், இது வருஷா வருஷம் விலை ஏறும்” என்றார், ஏறட்டும், நல்லா ஏறட்டும், இப்போது சமையலறைத் தரையில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், கழுவும்போது கண்ணாடி ஜாடி கையிலேயே உடைந்துவிட்டது, உள்ளங்கை பிளந்திருக்கிறது, சுற்றிக் கட்டியிருக்கும் இவளுடைய துப்பட்டா முழுக்க ஈரம், இவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறாள், விட்டால் என்ன ஆகும், எவ்வளவு ரத்தம் போனால் ஆள் மயங்குவார், பாடத்தில் படித்தோமே, எத்தனை லிட்டர்... ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, பத்தொன்பது கிலோமீட்டர் மட்டும் நினைவுக்கு வருகிறது, அந்த வண்டி வாங்கி எட்டு மாதத்தில் ஓடிய மொத்த தூரம் அது, ஓடினால் விலை இறங்குமாம், ஞாயிற்றுக்கிழமை கொட்டகையைத் திறந்து, எஞ்சினை உறுமவிட்டு, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார், கடைக்குப் போக மட்டும் அம்மா பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், தூ, இதுக்குப் பேரு வண்டியா, சக்கரம் வைத்த பீரோ.

“டாக்சி வந்துரும்மா, அஞ்சே நிமிஷம்,” அப்பா செல்போனைப் பார்த்துக்கொண்டே கூடத்தில் நடக்கிறார், முதலில் வரச் சம்மதித்தவன் பாதி வழியில் ரத்து செய்துவிட்டான், இவள் ஆம்புலன்ஸ் என்றதற்கு, கை வெட்டுக்கெல்லாமா என்றார், கொட்டகைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை, திரும்பவே இல்லையே, அதுதான் அசிங்கம், திரும்பாமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று கழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. “நான் போய் அந்த வெள்ளை சீட்ல உக்காந்தா ஐந்நூறுல ஒண்ணு கொறஞ்சிரும்டி, டாக்சியே வரட்டும்,” அம்மா சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு வெளுத்திருந்தது, அப்புறம் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது, அம்மா, அம்மா, இங்க பாரும்மா... “சாவிய எடுப்பா!” யார் கத்தியது, இவள்தானா, அப்பாவிடம் இவள் இப்படிக் கத்தியதே இல்லை, அவர் அடிபட்டவர் மாதிரிப் பார்த்தார், “எடுக்கறேன், எடுக்கறேன்மா, அதுக்குள்ள கத்தறியே” என்று ஓடினார், எடுக்கத்தானே வேண்டும், யாராவது கத்தினால்தான் எடுப்பீங்களா?

வாசலில் கதவு இறக்கை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு நின்றது, என்ன ஆடம்பரம், உள்ளே தரையோடு தரையாக இரண்டே சீட்டு, கண் தெளிந்து தள்ளாடும் அம்மாவை எப்படி மடக்கி உட்காரவைப்பது, அப்பா தோளைப் பிடித்தார், இவள் காலைத் தூக்கி வைத்தாள், கதவு இறங்கியது, “ஃபோன் பண்றேன், கதவப் பூட்டிக்கோ” என்றார், வண்டி உறுமிக்கொண்டு போனது, இவளுக்கு அதில் இடமில்லை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில்தான் ஆஸ்பத்திரி, தையல் போட்டால் சரியாகிவிடும், ஆகிவிடும் இல்லையா... இவள் வாசலிலேயே உட்கார்ந்தாள். அப்பா ஏதோ சொன்னாரே கடைசியாக, அம்மாவை உட்காரவைக்கும்போது, மெதுவாக, “நல்ல வேளை, நீயாவது யோசிச்ச”ன்னு, எதற்குச் சொன்னார், இவள் என்ன செய்தாள்... ஆமாம், அவர் வண்டியை வெளியே எடுத்த நேரத்தில், சுவரில் சாய்ந்திருந்த அம்மாவின் கையை விட்டுவிட்டு இவள் உள்ளே ஓடினாள், அலமாரியைத் திறந்து பெரிய குளியல் துண்டை எடுத்து வந்தாள், இரண்டாக மடித்து, சுருக்கம் இல்லாமல், அந்த வெள்ளை சீட்டின்மேல் விரித்தாள், யாரும் சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லையே... குளிருமே என்றுதானே, அம்மாவுக்குக் குளிருமே என்று... அப்படியானால் அதை அம்மாமேல் அல்லவா போர்த்தியிருக்க வேண்டும்?