உள்ளூர்க் கட்டணம்

என் மனைவியின் அண்ணனைப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார வைப்பதுதான் திட்டம். அதைவிடச் சுலபமான காரியங்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு.

மச்சானுக்குக் குடலிறக்கம். இருபது வருடமாக வெளிநாட்டில் இருப்பவர். அங்கே அறுவை சிகிச்சைக்குக் கேட்ட தொகையில் இங்கே ஒரு வீடு வாங்கி வர்ணமும் அடித்துவிடலாம். காரணத்தை அவரே சொன்னார். காப்பீட்டு நிறுவனம் எப்படியும் பேரம் பேசிக் குறைக்கும் என்று தெரிந்தே ஆஸ்பத்திரிக்காரர்கள் விலையை ஏற்றி வைப்பார்களாம். காப்பீடு இல்லாதவன் தலையில் முழுசும் விடியுமாம். அவ்வளவு பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளும் சந்தைக்கடைப் பேரம்தான் என்று கேட்டதில் எனக்கு அற்ப சந்தோஷம். இவருக்குத்தான் காப்பீடு இருக்குமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் மட்டும் யோக்கியமா என்ன? நான் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கட்டணப் பட்டியல் இரண்டு. அதே டாக்டர், அதே கத்தி, அதே கட்டில். உள்ளூரில் குடியிருப்பவருக்கு ஒரு விலை, வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு மூன்று மடங்கு. வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் விலாசத்தைத்தான் தொட்டுப் பார்ப்போம்.

உள்ளூர் விலைதான் வேண்டும் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். பணக்காரக் கஞ்சத்தனம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். என் பழைய சட்டையை அவருக்குப் போட்டுவிட்டேன். பளபளக்கும் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் தங்கையிடம் கொடுத்தேன். யார் என்ன கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வலியில் முனகினால் போதும் என்று பாடம் எடுத்தேன்.

பில் போடும் அம்மாள் முன்னால் நாங்கள் மூவரும் உட்கார்ந்ததும் மச்சான் அருமையாகவே முனகினார். அந்த அம்மாள் உள்ளூர்த் தொகையைச் சொல்லிவிட்டு, அதிகமாகத் தெரிந்தால் இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று கனிவாகச் சொன்னதுதான் தப்பு. இருபது வருடப் பழக்கம் சும்மா விடுமா?

"இதுவா அதிகம்? எங்க ஊர்ல இந்தக் காசுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நிறுத்தக்கூட விடமாட்டான்" என்றார் மச்சான்.

அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் இன்னொரு பட்டியலை எடுத்து, புதுத் தொகையை எழுதி எங்கள் பக்கம் நகர்த்தினார்.

மச்சானின் முகம் வெளுத்தது. நான் அதை ரசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து நாங்கள் ஏறும் பஸ் வரை மட்டம் தட்டியவர், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். ஆனால் பணம் கட்டாமல் படுக்கை கிடையாது. இனியும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கி உயிருக்கே ஆபத்து என்று முந்தின நாள்தான் டாக்டர் எச்சரித்திருந்தார்.

"கட்டிடுங்க மச்சான், உங்களுக்கு இதெல்லாம் ஒரு காசா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. தங்கையையும் பார்க்கவில்லை. அந்த அம்மாளிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நான் திரும்பிப் போகலம்மா. வேலை போய் எட்டு மாசமாச்சு. அதோட காப்பீடும் போச்சு, வீட்டையும் காலி பண்ணியாச்சு. நீங்க முதல்ல சொன்ன தொகைதான் கையில இருக்கு."

என் மனைவி அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டணம் குறைய ஆயிரம் பொய் கேட்டுப் பழகிய அந்த அம்மாள், இதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார். மறுபடி உள்ளூர்ப் பட்டியலை எடுத்தார். ஆனால் குடியிருக்கும் விலாசம் இல்லாமல் அதைப் போட முடியாது என்றார்.

மச்சான் என் பழைய சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. அவர் குறட்டை மூன்று அறைக்குக் கேட்கும். நான் கதவு எண்ணையும் தெருவையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்த அம்மாள், விருந்தாளியா என்று கேட்டார்.

"இல்லம்மா. எங்க வீட்டு ஆள்னு போடுங்க."